நீரிழிவுக் கிளினிக்கிலேயே கண்ணையும் பாருங்கள்: சுகாதார அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.

சுகாதார அமைச்சின் செயலாளர், சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகம், மேல் மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் ஆகியோருக்கும், கொழும்பு மாவட்டத்தில் நீரிழிவுக் கிளினிக்குகளை நடத்திவரும் வைத்தியர்களுக்கும்.

மதிப்புக்குரிய ஐயா, அம்மையீர்,

பழைய சோனகத் தெருவில் உள்ள ஒரு மொத்த விற்பனை இரும்புக்கடையில் முப்பத்தொரு வருடங்கள் கணக்கெழுதி ஓய்வுபெற்றவன் நான். 2010ஆம் ஆண்டு எனக்குச் சீனி வருத்தம் இருப்பது தெரியவந்தது. அப்போது எனக்கு வயது நாற்பத்தெட்டு. அன்றிலிருந்து ஓர் அரச கிளினிக்கில் ஒழுங்காக மருந்தெடுத்து வருகிறேன். இந்த மடலில் அந்தக் கிளினிக்கின் பெயரை எழுதவில்லை. அங்கே என்னைப் பார்த்த வைத்தியர்கள்மீதோ தாதியர்மீதோ குறைசொல்வது என் நோக்கம் அல்ல என்பதோடு, எனக்கு நேர்ந்தது அந்த ஓரிடத்தில் மட்டும் நடக்கக்கூடியதும் அல்ல.

2019ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு பிற்பகல் பேரேட்டைத் திறந்து வைத்து நிலுவை கூட்டிக்கொண்டிருந்தபோது, தொகை எழுதும் பத்தியின் சிவப்புக் கோடு நடுவில் சற்று வளைந்திருப்பதைக் கண்டேன். தாள் ஈரம்பட்டுச் சுருங்கியிருக்கும் என்று நினைத்து விரலால் தடவிப் பார்த்தேன். தாள் மட்டமாகவே இருந்தது. பக்கத்தைப் புரட்டினால் அடுத்த பக்கத்திலும் அதே இடத்தில் அதே வளைவு. பிறகுதான் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன். இடக்கண்ணை மூடினால் கோடு நேராகியது, வலக்கண்ணை மூடினால் மறுபடியும் வளைந்தது. அந்த வாரம் ஒரு வாடிக்கையாளரின் 8,300 ரூபா நிலுவையை 3,300 என்று எழுதியிருக்கிறேன். முதலாளி சிரித்துக்கொண்டே திருத்தினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இடக்கண்ணின் விழித்திரையில், பார்வையின் கூர்மைக்குக் காரணமான மையப்பகுதியில், நீர் கசிந்து வீங்கியிருப்பதாக ஒரு கண் வைத்திய நிபுணரைச் சனல் பண்ணிப் பார்த்தபோது சொன்னார்கள். வலக்கண்ணிலும் நோய் தொடங்கியிருந்தது. “இதற்கு முன் எப்போது விழித்திரையைப் பார்த்தீர்கள்?” என்று அவர் கேட்டார். ஒன்பது வருடங்களில் ஒரு தடவையும் இல்லை என்றேன். வீட்டுக்கு வந்ததும் என் மகள் கிளினிக் கொப்பியை முதற் பக்கத்திலிருந்து புரட்டினாள். 2017ஆம் ஆண்டின் ஒரு பக்கத்தில், மருந்துகளின் பெயர்களுக்குக் கீழே, சாய்ந்த ஆங்கில எழுத்தில் ஒரு சிறு குறிப்பு இருந்தது: கண் கிளினிக்குக்கு அனுப்பவும். எழுதிய வைத்தியர் தன் கடமையைச் சரியாகவே செய்திருக்கிறார். மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருந்தவர் தனக்குரிய வரிகளைப் பார்த்துக் குளிசையைச் சரியாகவே எண்ணிக் கொடுத்திருக்கிறார். அந்த ஒரு வரியை மட்டும் யாரும் எனக்கு வாசித்துச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு வருடங்கள் அந்தக் கொப்பியைச் சொப்பிங் பையில் போட்டு மாதாமாதம் நானே சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன்.

இதைச் சொல்லிப் பரிதாபம் தேடவில்லை. கணக்கெழுதியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த ஒன்றைத்தான் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். நாங்கள் கடன் கொடுத்த வாடிக்கையாளர் ஒருவர் மூன்று மாதம் கடைப்பக்கம் வராவிட்டால் அது எங்களுக்கு உடனே தெரியும். பேரேட்டில் நிலுவைப் பத்தி என்று ஒன்று இருப்பதும், மாத முடிவில் அதை ஒருவர் உட்கார்ந்து வாசிப்பதுமே அதற்குக் காரணம். நீரிழிவு நோயாளிகளின் கண்களுக்கு அப்படி ஒரு பத்தி வேண்டும் என்பதே என் கோரிக்கை. யாருடைய விழித்திரை இந்த வருடம் பார்க்கப்பட்டது, யாருடையது பார்க்கப்படவில்லை, அனுப்பப்பட்டவர்களில் யார் போய்ச் சேரவில்லை என்பதை ஒவ்வொரு கிளினிக்கும் பெயர் வாரியாக அறிந்திருக்க வேண்டும். அந்தப் பரிசோதனையின் முதற்படியும் இன்னொரு கட்டடத்தில் இன்னொரு நாளில் அல்லாமல், நீரிழிவுக் கிளினிக்கிலேயே நடக்க வேண்டும்.

இதை ஏன் நோயாளியின் பொறுப்பில் விட்டுவிட முடியாது என்பதற்கு நோயின் போக்கே விடை சொல்கிறது. குருதியில் சீனி நெடுங்காலம் கூடியிருக்கும்போது விழித்திரையின் மயிர்க்குழாய்களின் சுவர்கள் பலவீனமடைகின்றன. முதலில் அவற்றில் ஊசிமுனையளவு புடைப்புகள் உண்டாகி, பின்பு அங்கங்கே குருதியும் கொழுப்பு நீரும் கசியத் தொடங்குகின்றன. இவ்வளவும் நடக்கும் காலத்தில் பார்வை பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். வலியும் இராது, கண் சிவப்பதும் இல்லை. சில குழாய்கள் அடைபட்டுப்போக, குருதி கிடைக்காத விழித்திரை புதுக் குழாய்களை வளரச் செய்யும் பதார்த்தத்தைச் சுரக்கிறது. அப்படி வளரும் குழாய்கள் வலுவற்றவை. அவற்றில் ஒன்று ஒரு காலையில் வெடித்தால், பாடசாலையில் கண்ணாடியுடனீர் என்று படித்தோமே, கண்ணுக்குள் இருக்கும் அந்தத் தெளிந்த கூழுக்குள் குருதி கலந்து, கண்ணின் முன் கரிய நூல்களும் புகையும் மிதக்கும். இன்னும் விட்டால் அந்தக் குழாய்களோடு சேர்ந்து வளரும் நாரிழையங்கள் விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும். ஆகவே “பார்வை குறைந்தால் வாருங்கள்” என்று ஒருவரிடம் சொல்வது, பெரும்பாலானவர்களுக்கு, நேரம் கடந்த பிறகு வாருங்கள் என்று சொல்வதாகவே முடிகிறது.

பல நாடுகளின் 35 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2012இல் வெளியிடப்பட்ட கணக்கின்படி, நீரிழிவு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு விழித்திரையில் ஏதோ ஓர் அளவில் பாதிப்பு இருக்கிறது; பத்தில் ஒருவருக்குப் பார்வையைப் பறிக்கக்கூடிய அளவில் இருக்கிறது. எங்கள் நாட்டில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடந்த தேசிய ஆய்விலேயே வளர்ந்தோரில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாகத் தெரியவந்தது. அதற்குப் பிறகு அது குறையவில்லை என்பதைக் கொழும்பில் எந்தக் கிளினிக்கின் வாங்கில் காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தாலும் காணலாம். இரண்டாம் வகை நீரிழிவு பல வருடங்கள் தெரியாமலே உடலில் இருந்துவிட்டுப் பின்னர்தான் வெளிப்படுகிறது. 1998இல் முடிவுகள் வெளியான பிரித்தானியாவின் பெரும் நீரிழிவு ஆய்வில், நோய் அப்போதுதான் கண்டறியப்பட்டவர்களிலேயே மூன்றில் ஒரு பங்கினருக்கு மேற்பட்டோரின் விழித்திரையில் மாற்றங்கள் இருந்தன. அதனால்தான் இரண்டாம் வகையினருக்கு நோய் தெரியவந்தவுடனேயே முதற் கண் பரிசோதனை செய்யவேண்டும் என்றும், முதலாம் வகையினருக்கு ஐந்து வருடங்களுக்குள் செய்யவேண்டும் என்றும், அதன்பின் பொதுவாக வருடத்துக்கு ஒருமுறை என்றும் உலகெங்கும் விதித்திருக்கிறார்கள். ஏற்கனவே நீரிழிவு உள்ள பெண் கருவுற்றால் முதல் மூன்று மாதங்களுக்குள்ளேயே விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும், ஏனெனில் கர்ப்பகாலத்தில் இந்நோய் வேகமெடுக்கலாம். இவை எல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியவை அல்ல. வாங்கில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் தெரியாது.

அவர்களுக்கு இருக்கும் பெரிய மயக்கம் கண்ணாடிக்கடையால் வருவது. “கண் செக் பண்ணியாச்சு” என்று எங்கள் ஆட்கள் சொன்னால், கண்ணாடிக்கடையில் நாடியை மெசினில் வைத்து, தூரத்து எழுத்துகளை வாசித்து, பவர் எழுதி வாங்கினார்கள் என்றே பெரும்பாலும் பொருள். அது வில்லையின் கணக்கு. விழித்திரையை அது பார்ப்பதில்லை. இந்த மயக்கத்தில் நானும் இருந்தேன். 2010இல் நோய் தெரியவந்த மாதத்தில் தூரப் பார்வை மங்கியிருந்ததால் ஒரு கண்ணாடி செய்வித்தேன். குளிசை தொடங்கி இரண்டு மாதம் போகவில்லை, அந்தக் கண்ணாடி போட்டால் தலை சுற்றியது. இன்னொன்று செய்வித்தேன். சீனி ஏறி இறங்கும்போது கண்ணின் வில்லை நீர் கோத்து உருமாறுவதால் பவரும் மாறும் என்பதையும், சீனி ஒரு நிலைக்கு வரும்வரை சில வாரங்கள் பொறுத்துத்தான் கண்ணாடிக்கு அளவெடுக்க வேண்டும் என்பதையும் வெகு காலத்துக்குப் பிறகே அறிந்தேன். இரண்டு கண்ணாடிகளின் விலை பெரிதல்ல. அந்த இரண்டு கண்ணாடிகளும் “கண்ணைப் பார்த்துவிட்டேன்” என்ற நிம்மதியை எனக்கு ஒன்பது வருடங்கள் தந்துவிட்டன என்பதுதான் பெரிய இழப்பு. வெண்புரை சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களும் இப்படித்தான் நினைத்துவிடுகிறார்கள். வில்லையை மாற்றிய பிறகும் பின்னால் உள்ள திரை பழைய திரைதான் என்பதை விடுப்புத் துண்டு எழுதிக் கொடுக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லலாம்.

இனி, அனுப்பப்பட்டும் ஏன் பலர் போவதில்லை என்ற விடயத்துக்கு வருகிறேன். எங்கள் கடைக்கு மூட்டையும் கம்பியும் ஏற்றி இறக்கும் நாட்டாமை ஒருவர் இருந்தார், எனக்கு முன்னமே சீனி வருத்தம் வந்தவர். கண் கிளினிக்குக்கு அவருக்குத் துண்டு கொடுத்திருந்தார்கள், திகதியும் கொடுத்திருந்தார்கள். அவர் போகவில்லை. காரணம் கேட்டபோது அவர் போட்டுக் காட்டிய கணக்கில் நான் ஒரு பிழையும் காணவில்லை. சீனிக் கிளினிக்குக்கு ஒரு நாள், இரத்தம் கொடுக்க ஒரு நாள், கண்ணுக்கு ஒரு நாள் என்றால் மாதத்தில் மூன்று நாள் கூலி போகும். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டால் கண்மணி விரிந்து பல மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்டத்து எழுத்துத் தெரியாது. துணைக்கு மனைவியையும் கூட்டிப்போக வேண்டும், அவர் வேலை செய்யும் வீட்டிலும் அன்றைக்குச் சம்பளம் இல்லை. முச்சக்கரவண்டி ஓட்டுபவர்களுக்கும் இதே நிலைமைதான், சொட்டு மருந்து விட்ட அன்று வண்டியைத் தொடவே கூடாது. “எனக்குக் கண் நல்லாத் தெரியுது அண்ணே, தெரியாதவன் போகட்டும்” என்று அவர் சொன்னார். நல்லாகத் தெரிகிற கண்ணுக்காக ஒரு நாள் கூலியை இழக்கச் சொல்கிறோம். அவர் மறுத்ததை அறியாமை என்று என்னால் எழுதிவிட முடியவில்லை.

அந்த மூன்று நாட்களை ஒரு நாளாக்க வழி இருக்கிறது. விழித்திரையைப் படம்பிடிக்கும் கமராக்களில், சொட்டு மருந்து விடாமலே, இருட்டிய அறையில் கண்மணி இயல்பாக விரிந்திருக்கும்போது படமெடுக்கும் வகைகள் வந்து பல வருடங்களாகிவிட்டன. மேசையில் வைப்பதும் உண்டு, கையில் பிடிப்பதும் உண்டு. பயிற்சி பெற்ற ஒரு தாதியோ தொழில்நுட்பவியலாளரோ சில நிமிடங்களில் இரு கண்களையும் எடுத்துவிடலாம். குருதிப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் அந்த நேரமே போதும். வயது கூடியவர்களுக்கும் வெண்புரை உள்ளவர்களுக்கும் படம் தெளிவாக வராமல் போகலாம். அவர்களுக்கு மட்டும் சொட்டு மருந்து விட்டு மறுபடி எடுக்கலாம், அப்போதும் தெளியாவிட்டால் அவர்களை மட்டும் நிபுணரிடம் அனுப்பலாம். இப்போது எல்லோரையும் அனுப்பச் சொல்லிவிட்டு யார் போனார்கள் என்று பாராமல் இருப்பதைவிட, இது நிபுணர்களின் நேரத்தையும் மிச்சப்படுத்தும்.

படத்தை யார் வாசிப்பது என்று கேட்பீர்கள், நியாயமான கேள்வி. மேல் மாகாணத்தின் பெரிய மருத்துவக் கிளினிக் ஒன்றிலேயே, கையடக்கக் கமராவால் எடுத்த படங்களைக் கண் வைத்தியர்கள் அல்லாத வைத்தியர்கள் பயிற்சி பெற்றுத் தரம்பிரிக்க முடியுமா என்று ஆராய்ந்து, அதன் முடிவுகளை 2019இல் வெளியிட்டிருக்கிறார்கள். எனவே இது வெளிநாட்டுப் புதினம் அல்ல, எங்கள் மாகாணத்துக்குள்ளேயே யோசித்துப் பார்க்கப்பட்ட வழிதான். 1976இல் மதுரையில் டொக்டர் கோ. வெங்கடசாமி பதினொரு கட்டில்களோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, தொலைவிலிருந்து வரும் விழித்திரைப் படங்களை ஓரிடத்தில் இருந்து வாசிக்கும் முறையைப் பல காலமாக நடத்திவருகிறது. கணினியே படம் பார்த்து முடிவு சொல்லும் கருவியொன்றுக்கு 2018 ஏப்ரலில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் அனுமதி கொடுத்ததையும் பத்திரிகையில் வாசித்தேன். அது வரும்போது வரட்டும். கருவியை வாங்கிவைத்து அதைச் சுற்றி ரிபன் வெட்டுவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. படம் எடுத்த பிறகு அந்தப் படத்துக்குரிய மனிதரை யார் தேடிப் பிடிப்பார்கள் என்பது எந்தக் கணினியும் தீர்த்துத் தராத கேள்வி.

இங்கேதான் மறுபடியும் பேரேட்டுக்கு வருகிறேன். ஐஸ்லாந்தில் 1980 முதல் நீரிழிவு நோயாளிகளின் கண்களை ஒழுங்கு முறையாகக் கூப்பிட்டுப் பார்க்கிறார்கள். இங்கிலாந்தில் 2003 முதல் இதைத் தேசியத் திட்டமாக்கினார்கள். நீரிழிவு என்று பதிவான ஒவ்வொருவரின் பெயரும் ஒரு பதிவேட்டில் இருக்கும். முறை வந்ததும் அழைப்புக் கடிதம் போகும். வராவிட்டால் மறுபடியும் போகும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உழைக்கும் வயதினரின் பார்வையிழப்புக்கு ஐம்பது வருடங்களாக முதற் காரணமாக இருந்த நீரிழிவு விழித்திரை நோய், 2009, 2010ஆம் ஆண்டுகளின் கணக்கில் முதல் தடவையாக அந்த இடத்திலிருந்து இறங்கியது. சீனியைக் கட்டுப்படுத்தும் முறைகள் மேம்பட்டதற்கும் அதில் பங்கு உண்டு என்று அந்த ஆய்வாளர்களே சொல்கிறார்கள். ஆனாலும் பெயர் வாரியான பதிவேடு ஒன்று இல்லாமல் அது நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

அவ்வளவு பெரிய நாட்டின் பணம் எங்களிடம் இல்லை என்று பதில் வரலாம். கண்களைக் கணக்கெடுத்து ஒழுங்குபடுத்தத் தெரியாத நாடு அல்ல இது. 1961இல் டொக்டர் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தானச் சங்கம், இறந்தவர்களின் கண்களைச் சில மணி நேரத்துக்குள் எடுத்து, பாதுகாத்து, பதிந்து, கடல் கடந்து எத்தனையோ நாடுகளுக்கு விழிவெண்படலங்களை அனுப்பிவருகிறது. யாரோ ஓர் ஊரில் யாரோ ஒருவர் இறந்த செய்தி உரிய நேரத்தில் உரியவருக்குப் போய்ச் சேரும் ஒழுங்கு ஒன்று இங்கே அறுபது வருடங்களாக இயங்குகிறது. உயிரோடு வாங்கில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கு அதில் பாதி ஒழுங்காவது வேண்டாமா? அதிலும் தானமாகப் பெற்று மாற்றக்கூடியது முன்னால் உள்ள விழிவெண்படலம் மட்டுமே. விழித்திரையைத் தானம் செய்யவும் முடியாது, மாற்றவும் முடியாது.

பதிவேடு என்றால் உடனே கணினி, மென்பொருள், கேள்விமனு என்று போக வேண்டியதில்லை. என் அனுபவத்தில் அப்படிப் போனவை அங்கேயே நின்றுவிடுகின்றன. முதற் கட்டமாக, ஒவ்வொரு கிளினிக்கிலும் கோடிட்ட பெரிய கொப்பி ஒன்று போதும்: பெயர், தொலைபேசி இலக்கம், நோய் தெரியவந்த ஆண்டு, கடைசியாக விழித்திரை பார்த்த திகதி, அடுத்த திகதி. மாதம் ஒரு நாள் ஒருவர் அதை வாசித்துத் திகதி தாண்டியவர்களுக்கு ஒரு கோல் எடுக்க வேண்டும். கிளினிக் கொப்பிக்கு ஒரு றப்பர் முத்திரை செய்வியுங்கள். கடைகளில் “பணம் செலுத்தப்பட்டது” என்று ஒன்று வைத்திருப்பதைப்போல, “உங்கள் விழித்திரை இந்த வருடம் இன்னும் பார்க்கப்படவில்லை” என்று சிங்களத்திலும் தமிழிலும் சிவப்பு மையில், நோயாளியே வாசிக்கக்கூடிய பெரிய எழுத்தில் இருக்கட்டும். புறக்கோட்டையில் இப்படியான முத்திரையை ஒரே நாளில் வெட்டித் தருவார்கள். 2017இல் அப்படி ஒரு சிவப்பு முத்திரை என் கொப்பியில் விழுந்திருந்தால், நான் கவனிக்காவிட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவராவது “இது என்ன?” என்று கேட்டிருப்பார்.

தமிழில் என்று எழுதியதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். தமிழும் ஆட்சிமொழி என்பது 1987இல் 13ஆவது திருத்தத்தோடு அரசியலமைப்பில் ஏறியது. பெயர்ப்பலகைகளில் அது பெரும்பாலும் வந்துவிட்டது, எழுத்துப்பிழைகளோடென்றாலும். கிளினிக் அறைக்குள் அது இன்னும் வரவில்லை. மட்டக்குளி, கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், மருதானை, வெள்ளவத்தை என்று தமிழ் பேசுவோர் நிறைந்திருக்கும் இந்த நகரத்தில், வயதான ஓர் அம்மா தன் கொப்பியில் எழுதியிருப்பதை அறியப் பக்கத்து வாங்கில் இருக்கும் பாடசாலைப் பிள்ளையிடம் நீட்டுவதை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். தமிழ் தெரிந்த வைத்தியர்களையும் தாதியரையும் ஒரே நாளில் உண்டாக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். மருந்தின் பெயர் ஆங்கிலத்தில் இருப்பதைப்பற்றியும் எனக்கு முறைப்பாடு இல்லை. நோயாளி தன் காலால் நடந்துபோய்ச் செய்யவேண்டிய காரியத்தை மட்டும் அவருக்கு விளங்கும் மொழியில் எழுதுங்கள் என்கிறேன். அப்படிப்பட்ட வசனங்கள் எல்லாம் சேர்த்தாலும் பத்தைத் தாண்டாது. அச்சடித்த துண்டுகளாக அவற்றை ஆயத்தமாக வைத்திருக்கலாம்.

அந்தப் பத்து வசனங்களில் ஒன்று, இந்த நோய்க்கு விழித்திரையில் செய்யும் லேசர் சிகிச்சையைப் பற்றியதாக இருக்கட்டும். “லேசர் அடித்தால் இருக்கிற பார்வையும் போய்விடும்” என்ற பேச்சு எங்கள் ஒழுங்கைகளில் உறுதியாக வேரூன்றியிருக்கிறது. அது வெறும் வதந்தியும் அல்ல. நோய் முற்றிய பிறகு லேசருக்குப் போனவர்களுக்குப் பார்வை தொடர்ந்து மங்குகிறது. பார்த்தவர்கள் பழியை லேசர்மீது போடுகிறார்கள். இழந்த பார்வையை லேசர் திருப்பித் தருவதில்லை, இருப்பதைக் காக்கவே அது உதவும் என்பதை ஆரம்பத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. இரவுப் பார்வையும் ஓரப் பார்வையும் ஓரளவு குறையலாம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. புதுக் குழாய்கள் வளர்ந்துவிட்ட கண்களில் உரிய காலத்தில் லேசர் செய்தால் கடுமையான பார்வையிழப்பு பாதிக்கு மேல் குறைகிறது என்பது 1976இலேயே அமெரிக்க ஆய்வொன்றில் நிறுவப்பட்ட விடயம். விழித்திரையின் கசிவையும் வீக்கத்தையும் குறைக்கக் கண்ணுக்குள் போடும் ஊசியும் அப்படித்தான். சொல்லும்போது பயங்கரமாக இருக்கிறதே தவிர, விறைப்பு மருந்து விட்டபின் எனக்கு ஒரு அழுத்தம் மட்டுமே தெரிந்தது. தாதி என் கையைப் பிடித்திருந்ததுதான் அதைவிட அதிகமாக நினைவிருக்கிறது. ஆனால் அது ஓர் ஊசியோடு முடிவதில்லை. தொடக்கத்தில் மாதாமாதம், பிறகு இடைவெளி விட்டு, சிலருக்கு வருடக்கணக்கில் போடவேண்டும். 2022இல் நாட்டில் மருந்துகளுக்கே தட்டுப்பாடு வந்தபோது இரண்டு தவணைகளை நான் இழந்தேன். இழந்ததற்குப் பிறகு வந்த வீக்கத்தை முன்னைய அளவுக்கு இறக்க முடியவில்லை. இந்த ஊசி மருந்துகளைத் தொடர்ந்து கிடைக்கவேண்டிய அத்தியாவசிய மருந்துகளாக நடத்துங்கள் என்று அந்த அனுபவத்தின் உரிமையோடு கேட்கிறேன்.

இன்னொரு சிறு விடயம் வைத்தியர்களுக்கு. கட்டுப்பாடில்லாமல் நெடுநாள் இருந்த சீனியைத் திடீரென்று வேகமாக இறக்கும்போது, கண்ணின் பாதிப்பு சில காலம் கூடித் தெரியலாம் என்று எனக்கு விளக்கினார்கள். அதனால் மருந்தை விட்டுவிடக் கூடாது, நெடுங்காலத்தில் கட்டுப்பாடே கண்ணைக் காக்கும் என்றும் சொன்னார்கள். இன்சுலின் தொடங்கிய பிறகு கண் மங்கியது என்று சொல்லி இன்சுலினைக் கைவிட்டவர்கள் இருவரை என் ஒழுங்கையிலேயே அறிவேன். இன்சுலினைத் தொடங்கும் முன்னரே விழித்திரையைப் பார்த்து, இதையும் சொல்லிவிட்டால் அவர்கள் தொடர்ந்திருப்பார்கள். பிறஷரையும் இதே கொப்பியில் இதே மேசையில் பார்க்கிறீர்கள். அதுவும் கட்டுக்குள் இருந்தால் விழித்திரைக்கும் நல்லது என்பதை அந்த நேரத்திலேயே ஒரு வசனத்தில் சொல்லலாம்.

மேல் மாகாணம் முழுவதும் ஒரே நாளில் இதைத் தொடங்குங்கள் என்று கேட்கவில்லை. வட கொழும்பில் ஒரு கிளினிக்கையும் தென் கொழும்பில் ஒன்றையும் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கமரா, பயிற்சி பெற்ற இருவர், ஒரு பதிவேடு, ஒரு முத்திரை என்று ஒரு வருடம் நடத்திப் பாருங்கள். வருட முடிவில், பதிந்தவர் எத்தனை பேர், படம் எடுக்கப்பட்டவர் எத்தனை பேர், அனுப்பப்பட்டவர்களில் போய்ச் சேர்ந்தவர் எத்தனை பேர் என்ற மூன்று எண்களைப் பகிரங்கமாக வெளியிடுங்கள். மூன்றாவது எண்ணைத்தான் நான் முதலில் வாசிப்பேன்.

பதிவேடு எழுத ஆள் இல்லை என்றால் எங்கள் பகுதியில் ஓய்வுபெற்ற கணக்குப்பிள்ளைகளும் ஆசிரியர்களும் பலர் இருக்கிறோம். மாதத்தில் இரண்டு நாள் வந்து கோல் எடுப்பதற்கு என்னோடு நான்கு பேர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். நோயாளிகளின் விபரங்களை வெளியாட்களிடம் கொடுக்க முடியாது என்ற விதி இருந்தால் அதை மதிக்கிறோம். முத்திரை குத்தும் வேலையையாவது தாருங்கள்.

இந்த மடலை நான் சொல்லச் சொல்ல என் மகள் தட்டச்சுச் செய்தாள். வலக்கண்ணால் இப்போதும் பத்திரிகை வாசிக்கிறேன். இடக்கண்ணில் நேர்கோடு இன்னும் வளைந்தே இருக்கிறது. இதன் சிங்கள மொழிபெயர்ப்பு ஒன்றும் இணைக்கப்பட்டுள்ளது. பதில் எந்த மொழியில் வந்தாலும் வாசித்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு நீரிழிவு நோயாளி